அடுத்த வருஷம் என்ன பின்னப் போறீங்க? சுங்கை சிப்புட் ஞாயிறு ஊசிக் கூட்டம்

லிந்தாங் லதா | டிசம்பர் 27, இரவு 9.40

வணக்கம். கோயில் மண்டபத்துக்குப் பின்னாடி ஞாயித்துக்கிழமை வந்து உட்கார்றவங்களுக்கும், தூரத்துல இருந்து இங்க மட்டும் எட்டிப் பாக்கறவங்களுக்கும் சேர்த்துதான் இந்த இழை. போன வாரம் டீ ஊத்தறப்பவே பேச்சு ஆரம்பிச்சிருச்சு. ஒரு அக்கா மாசத்துக்கு ஒன்னு, வருஷத்துக்குப் பன்னெண்டுன்னாங்க. இன்னொரு அக்கா வீட்டுல கெடக்குற நூல் முடியற வரைக்கும் ஒரு உருண்டை கூட வாங்க மாட்டேன்னு சந்நிதி பக்கம் திரும்பி சத்தியமே பண்ணிட்டாங்க.

ரேவல்ரின்ற பின்னல் வலைத்தளத்துல வருஷத்துக்கு இத்தனைன்னு ஒரு எண்ணைப் போட்டு வெச்சுக்கலாம், தெரியும். ஆனா அந்த எண்ணெல்லாம் பெரும்பாலும் குளிர் ஊர்க்காரங்க போடறது. அங்க அக்டோபர் வந்தா தொப்பி, கையுறை, மப்ளர், எது பின்னினாலும் போட்டுக்கத் தலையும் கழுத்தும் இருக்கு. மலேசியாவுல நமக்கு மத்தியானம் 33 டிகிரி, ராத்திரி 24. பன்னெண்டு மாசமும் அதே கதை. பன்னெண்டு தொப்பி பின்னி யார் தலையில கவுக்கறது?

அதனால நான் மூணு கேள்வி வெக்கிறேன். யாருக்கு? எங்க போட்டுக்குவாங்க? எப்ப வேணும்? மூணுக்கும் பதில் இருந்தா இங்க எழுதுங்க.

என்னோடது ஒன்னே ஒன்னு. ஈடிஎஸ் மின்சார ரயில்ல போர்த்திக்க மூங்கில் நூல்ல ஒரு சால்வை. சிப்புட்ல ஏறினா கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் போய்ச் சேர கிட்டத்தட்ட மூணு மணி நேரம். அந்த ஏர்கோன்ல உட்கார்ந்து பாருங்க, கேமரன் மலையெல்லாம் எம்மாத்திரம். தைப்பூசத்துக்குள்ள முடிக்கணும்.

மோட்டார் முருகு | டிசம்பர் 27, இரவு 11.15

அக்கா, அந்த மூணு கேள்வி கேட்டா நான் ஊசியைத் தூக்கி ஆத்துல போட்டுட்டுப் போகணும். 🙂

நான் பின்னப் போறது காலுறை. யாருக்கு? தெரியாது. எங்க போட்டுக்குவாங்க? இந்த ஊர்ல சிலிப்பர் போட்டுக்கிட்டு எவன் காலுறை மாட்டுவான்? எப்ப வேணும்? வேணவே வேணாம். எனக்கு வேண்டியது குதிகால் திரும்பறது. நேரா இறங்கிக்கிட்டு இருக்கற குழாய், வரிசையை முடிக்காம பாதியிலயே திருப்பித் திருப்பிப் பின்னினா தானா ஒரு கிண்ணம் மாதிரி வளைஞ்சு வருது பாருங்க, அதை என் கையால ஒரு தடவை செஞ்சு பாக்கணும். ராத்திரி காவல் வேலை. கேட் பக்கத்துல விடிய விடிய உட்கார்ந்திருக்கறவனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் என்ன வேணும்?

2.25 மில்லிமீட்டர் ஊசி, நீளக் கேபிளை வளைச்சு சின்னக் குழாயைப் பின்னற மேஜிக் லூப் முறை. நூல் 100 கிராம், 400 மீட்டர். ஒரு ஜோடிக்கு அது தாராளம்.

ஓய்வாசிரியை | டிசம்பர் 28, காலை 7.05

முருகு சொல்வதில் நியாயம் இருக்கிறது, லதா. எல்லாவற்றையும் பயன்பாட்டிலேயே நிறுத்துப் பார்த்தால் கோலம் போடுவதற்கும் காரணம் சொல்ல வேண்டி வரும். ஒருவர் பொருளை இலக்காக வைக்கட்டும், ஒருவர் வித்தையை இலக்காக வைக்கட்டும். இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

ஆனால் எந்த இலக்காக இருந்தாலும் சரி, அளவுத்துண்டு, அதாவது அளவு பார்க்க ஒரு சிறு மாதிரி, பின்னாமல் ஆரம்பிக்கக் கூடாது என்பதை நம் கூட்டத்தில் சட்டமாகவே வைக்கலாம். கணக்கு சொல்கிறேன், கேளுங்கள். பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி (ஊசியில் விழும் வளையம்) என்று பின்னல் குறிப்பில் இருக்கிறது. உங்கள் கை கொஞ்சம் தளர்வு. 20 கண்ணிதான் வருகிறது. இரண்டு கண்ணிதானே என்று விட்டுவிட்டால், மார்புச் சுற்று 100 சென்டிமீட்டர் வரவேண்டிய சட்டைக்கு நீங்கள் 220 கண்ணி ஏற்றுவீர்கள். அது 110 சென்டிமீட்டராக முடியும். பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் பொருந்தும்.

துண்டைப் பின்னியதும் அளக்காதீர்கள். எப்படித் துவைப்பீர்களோ அப்படித் துவைத்து, காயவைத்து, பிறகு அளவுகோலை வையுங்கள். பருத்தி துவைத்தபின் நடந்துகொள்ளும் விதமே வேறு.

சும்மா வந்தவன் | டிசம்பர் 28, காலை 8.30

இந்த வெயில்ல கம்பளியா? நடத்துங்க நடத்துங்க.

லிந்தாங் லதா | டிசம்பர் 28, காலை 8.52

கம்பளி யார் சொன்னா தம்பி? பருத்தி, மூங்கில், மில்க் காட்டன், எல்லாம் இருக்கு. வா, ஞாயித்துக்கிழமை ஒரு பாத்திரம் கழுவற துணியாவது பின்னக் கத்துக்குடுக்கறேன்.

டீச்சர், வித்தைன்னு தனியா வெச்சிட்டீங்க. சரி, ஒத்துக்கறேன். ஆனா முருகு, குதிகால் திரும்பின பிறகு மீதி காலுறையை முடிப்பியா, இல்ல அப்படியே ஊசியோட பைக்குள்ள போய்டுமா? அதைச் சொல்லு மொதல்ல.

மோட்டார் முருகு | டிசம்பர் 28, காலை 9.10

கால்விரல் பக்கம் தையல் தெரியாம கண்ணியோட கண்ணி சேர்க்கற கிச்சனர் முறையில மூடணுமே, அதையும் பாத்துடலாம்னுதான். ரெண்டாவது காலுறை பத்தி இப்போதைக்கு நான் வாயைத் திறக்கல.

நூல்கடை வாரிசு | டிசம்பர் 28, பகல் 1.20

கடையில கூட்டம் இல்ல, அதான் எழுத நேரம்.

சத்தியம் பண்ண அக்கா யாருன்னு எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன். வாங்கவே மாட்டேன்னு வருஷம் பூரா எல்லாரும் உட்கார்ந்துட்டா, பட்டணத்துல நூலும் பொத்தானும் ஜிப்பும் விக்கிற எங்கள மாதிரி கடைங்க எப்படிங்க ஓடும்? அப்புறம் நாலு மாதிரி நூலைக் கையில தொட்டுப் பாக்க ஈப்போவுக்குத்தான் ஓடணும். எனக்கு வியாபாரம் முக்கியம், மறைக்கல. ஆனா வேற காரணமும் இருக்கு. வீட்டுல மிச்சம் கெடக்கறது என்ன? எல்லாம் அரை உருண்டை, முக்கால் உருண்டை, ஒன்னோட ஒன்னு தடிமன் ஒத்துவராது. அதை வெச்சுக்கிட்டு ஒரு பெரிய உருப்படிய ஆரம்பிச்சீங்கன்னா பாதியில நிக்கும்.

மொதல்ல சமையக்கட்டுத் தராசுல நிறுங்க. 50 கிராம் உருண்டை 110 மீட்டர்னு லேபிள்ல இருந்து, மிச்சம் 30 கிராம் இருந்தா உங்ககிட்ட 66 மீட்டர் இருக்கு. அதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உருண்டைக்குள்ளயே சொருகுங்க. இதுதான் என்னைக் கேட்டா ஜனவரி மாசத்து வேலை. என்ன இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் என்ன பின்னலாம்னே பேச முடியும்.

பெரிய உருப்படிக்கு வாங்கறப்ப, எல்லா உருண்டையிலயும் சாய எண் (ஒரே தடவையில சாயம் போட்டதுக்கான எண்) ஒன்னா இருக்கான்னு பாருங்க. அதே சிவப்புதானேன்னு பிறகு வந்து ரெண்டு உருண்டை வாங்கிட்டுப் போய், முதுகுல பட்டை விழுந்துட்டா எங்களத்தான் ஏசுவீங்க.

அம்பிகை மா | டிசம்பர் 28, மாலை 5.45

வணக்கம். நான் படிக்கிறதோட சரி, எழுதறது இதுதான் முதல். மகன் போலந்துல மருத்துவம் படிக்கிறான். லதாம்மா கேட்ட மூணு கேள்விக்கும் என்கிட்ட பதில் இருக்கு. யாருக்கு, மகனுக்கு. எங்க, அங்க பனி கொட்டற ஊர்ல. எப்ப, அடுத்த குளிருக்கு முன்னாடி. கைநீள ஸ்வெட்டர். ஆனா நான் இதுவரைக்கும் மப்ளரும் குழந்தைச் சட்டையும்தான் பின்னியிருக்கேன். முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அவன்கிட்ட நான் இன்னும் வாய் விடல.

ஓய்வாசிரியை | டிசம்பர் 28, இரவு 8.10

முடியும், அம்பிகை. இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே தெளிவான இலக்கு உங்களுடையதுதான். பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்.

அங்கே அக்டோபரிலேயே குளிர் வந்துவிடும். பார்சல் போக நாள் வேண்டும். ஆகவே ஆகஸ்டு முடிவுக்குள் சட்டை உங்கள் கையில் முழுமையாக இருக்கவேண்டும். தைத்து இணைக்கவும் துவைத்துப் பரப்பிக் காயவைக்கவும் ஒரு மாதத்தை ஒதுக்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கம்பளி காயவே நாளாகும். அப்படியானால் பின்னல் ஜூலையில் முடியவேண்டும். இரண்டு கைகளுக்கு இரண்டு மாதம், முன்புறத்துக்கும் முதுகுக்கும் மூன்று மாதம். பிப்ரவரியில் கண்ணி ஏற்றினால் சரியாக வரும். ஜனவரி முழுக்க அளவுத்துண்டும் நூல் தேர்வும்தான்.

டிகே எனப்படும் இடைத்தர நூல் தடிமனில் ஆண்களுக்கான ஸ்வெட்டருக்கு 1,200லிருந்து 1,500 மீட்டர் வரை பிடிக்கும். பையன் உயரமானவன் என்றால் அதற்கும் மேலே. ஒரே சாய எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். இயந்திரத்தில் துவைக்கத்தக்க சூப்பர்வாஷ் கம்பளியாகப் பாருங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் கையால் துவைப்பான் என்று நம்பி எதையும் அனுப்பாதீர்கள். சாதாரணக் கம்பளியைச் சூடான தண்ணீரில் போட்டு இயந்திரத்தைச் சுற்றவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆகும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

அவனிடம் கேட்க வேண்டிய ஒரே விஷயம்: அவனுக்குப் பொருந்தும் பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் தரையில் விரித்து, அகலத்தையும் கை நீளத்தையும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். உடம்பை அளக்கச் சொன்னால் தவறாகத்தான் அளப்பான்.

அம்பிகை மா | டிசம்பர் 28, இரவு 8.31

டீச்சர், நன்றி. எழுதி வெச்சுக்கிட்டேன். நேவி நீலம்தான் வேணும்பான், எனக்குத் தெரியும்.

நூல்கடை வாரிசு | டிசம்பர் 28, இரவு 8.40

ராத்திரி வெளக்குல நேவி நீலம் பின்னாதீங்க ஆன்ட்டி, கண்ணியே கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிறம் சொல்லிப் பாருங்க. சூப்பர்வாஷ் கடையில இப்ப இல்ல, வரவழைச்சுத் தர்றேன்.

தாதி மலர் | டிசம்பர் 29, காலை 6.20

இரவுப் பணி முடிஞ்சு வந்து எழுதறேன். போன வாரம் மண்டபத்துல ரெண்டு மூணு பேர் 'ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு நூறு தொப்பி' ன்னு பேசினீங்களாமே. நல்ல மனசு. ஆனா நூறுன்னு எண்ணைப் போடறதுக்கு முன்னாடி அந்த வார்டு சிஸ்டரைப் போய்ப் பாருங்க. சில இடத்துல வாங்கிக்குவாங்க, சில இடத்துல தொற்றுப் பயத்துல வெளித் துணியே உள்ள விடமாட்டாங்க. கேக்காம கொண்டுபோய்க் குடுத்தா அலமாரியிலதான் இருக்கும்.

வாங்கிக்கறோம்னு சொன்னா அளவு கேளுங்க. மாசம் நிறைஞ்சு பொறந்த குழந்தையோட தலைச்சுற்று 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். குறைமாசக் குழந்தைக்கு 25, 26 கூட இருக்கும். உங்க வீட்டுப் பொம்மைக்குப் போட்டுப் பாத்து அளவெடுக்காதீங்க. தொப்பி நிக்கணும்னா தலையைவிடக் கொஞ்சம் சின்னதா, இழுபடற மாதிரி இருக்கணும். பொத்தான், பாசிமணி, உச்சியில பந்து, ரிப்பன், எதுவும் கூடாது. சுடுதண்ணியில துவைச்சாலும் தாங்கற நூல்.

இன்னொன்னு. அது வார்டுக்கு மட்டும். வீட்டுக்கு வந்த நல்ல குழந்தையைத் தூங்க வெக்கறப்ப தலையில தொப்பி வேணாம். குழந்தை உடம்புச் சூட்டைத் தலை வழியாத்தான் நிறைய வெளியேத்தும். நம்ம ஊர் வெயில்ல அதை மூடினா சூடு ஏறிடும், முகத்துல சரிஞ்சு மூக்கையும் அடைக்கும்.

செம்பருத்தி | டிசம்பர் 29, காலை 10.05

மலர் அக்கா, எங்க வீட்டுல பிரசவப் பத்தியம் முடியற வரைக்கும் தொப்பி கழட்ட விடமாட்டாங்க. எங்க மாமியார் 'காத்து போய்டும்' ம்பாங்க. நான் என்ன சொல்றது?

தாதி மலர் | டிசம்பர் 29, பகல் 12.15

மாமியார்கூடச் சண்டை போடாதீங்க. குழந்தை முழிச்சு மடியில இருக்கறப்ப அவங்க ஆசைக்குப் போடட்டும். தூங்க வெக்கறப்ப கழட்டிடுங்க, கிளினிக்ல நர்ஸ் சொன்னாங்கன்னு என் தலையில போட்டுடுங்க.

குழந்தைத் துணி பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன், இது தொப்பியைவிட முக்கியம். பின்னின குழந்தைச் சட்டை, போர்வை இதுங்களோட அந்துருண்டை வெக்காதீங்க. அதுல இருக்கற நாப்தலின், ஜி6பிடிங்கற நொதி குறைபாடு இருக்கற குழந்தைக்கு ரத்த அணுவையே உடைச்சிடும், மஞ்சக்காமாலை கடுமையா வரும். நம்ம நாட்டுல பொறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்துல இந்தக் குறைபாடு இருக்கான்னு பாக்கறது சும்மா இல்ல. பாட்டி காலத்துப் பெட்டியில இருந்து எடுத்த ஸ்வெட்டரை அப்படியே பேரப்பிள்ளைக்குப் போடறவங்க கவனிங்க.

லிந்தாங் லதா | டிசம்பர் 29, பகல் 12.40

அப்ப நூலை எப்படிக்கா பத்திரப்படுத்தறது? எங்க வீட்டுல பெட்டியைத் திறந்தாலே பூஞ்சை வாடை.

தாதி மலர் | டிசம்பர் 29, பகல் 12.52

இறுக்கமா மூடற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம். கம்பளியைத் தின்றது அந்துப்பூச்சி. பருத்திக்கு அது வராது, ஆனா ஈரம் பட்டா கரும்புள்ளி விழும். எதுவா இருந்தாலும் நல்லாத் துவைச்சு, முழுசாக் காய்ஞ்ச பிறகுதான் டப்பாவுக்குள்ள. வேர்வையும் எண்ணெயும் பட்ட துணின்னா பூச்சிக்கு விருந்து.

அப்புறம் பருத்தியிலயே வருஷம் பூரா பின்னப் போறவங்களுக்கு: பருத்திக்கு இழுபடற குணம் கிடையாது, கை சீக்கிரம் வலிக்கும். அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசியைக் கீழ வெச்சு விரலை நீட்டி மடக்குங்க. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும் ராத்திரியில மரத்துப் போச்சுன்னா தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க. மணிக்கட்டுல நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம்.

பாட்டியின் பேத்தி | டிசம்பர் 29, இரவு 9.00

எல்லாருக்கும் வணக்கம். நான் வெப்பநிலைப் போர்வை பின்னலாம்னு இருக்கேன். யூடியூப்ல பாத்திருப்பீங்க. ஒவ்வொரு நாளும் அன்னிக்கு எவ்வளவு சூடோ அதுக்கு ஏத்த நிறத்துல ஒரு பட்டை. குளிருக்கு நீலம், வெயிலுக்குச் சிவப்பு. வருஷக் கடைசியில அந்த வருஷமே ஒரு போர்வையா கையில இருக்கும். யாராவது சேர்றீங்களா?

மோட்டார் முருகு | டிசம்பர் 29, இரவு 9.20

தங்கச்சி, நம்ம ஊர்ல அதைப் பின்னினா 365 நாளும் ஆரஞ்சுதான். போர்வை முடிஞ்ச பிறகு துறவி மடத்துல குடுத்துடலாம்.

லிந்தாங் லதா | டிசம்பர் 29, இரவு 9.25

சிரிச்சு முடியல. ஆனா முருகு சொல்றது உண்மை. இங்க மாறறது சூடு இல்ல, மழை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர்ல சாயங்காலம் கொட்டும். நடுவுல வாரக்கணக்குல தூசி பறக்கும். மழைப் போர்வை பின்னலாமே? எத்தனை மில்லிமீட்டர் பெஞ்சதோ அதுக்கு ஒரு நிறம். முந்தி தோட்டத்து ஆபீஸ்ல கிராணின்ற குமாஸ்தா தினமும் காலையில மழை அளந்து நோட்டுல எழுதுவாரு. எங்க ஆலை ஆபீஸ்லயும் மழைக் கணக்கு உண்டு. செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மழை ரொம்ப முக்கியம். இந்த வருஷம் வறட்சி வந்தா குலை குறையறது மாசக்கணக்கு தள்ளி, சில நேரம் ரெண்டு வருஷம் கழிச்சுக்கூடத் தெரியும்.

ஓய்வாசிரியை | டிசம்பர் 29, இரவு 9.50

அருமையான யோசனை. ஐந்து நிறம் போதும். மழையே இல்லை, 10 மில்லிமீட்டர் வரை, 10 முதல் 30, 30 முதல் 60, அதற்கும் மேல். நேரான சுவருள்ள கண்ணாடிப் பாட்டிலைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்தால் வீட்டுக்கு அதுவே போதும்.

பாட்டியின் பேத்தி | டிசம்பர் 30, காலை 8.15

பாட்டிக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல பால்மரம் (ரப்பர்) வெட்டினவங்க. அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன்.

"டீச்சரம்மா பாட்டில்ல அளக்கறாங்களாம். எவ்வளவு பெஞ்சதுன்றது துரைக்கும் கிராணிக்கும்தான். எங்களுக்கு எப்ப பெஞ்சதுன்றதுதான் கணக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு வானம் பொத்துக்கிட்டு ஊத்தினாலும் எங்களுக்கு ஒன்னும் போகல. விடியறதுக்குள்ள மரம் காய்ஞ்சிரும். ஆனா ராத்திரி மூணு மணிக்கு ஒரு தூத்தல் போட்டாப் போதும். பட்டை நனைஞ்சிருக்கும். நனைஞ்ச மரத்துல கத்தி வெச்சா பால் கோட்டுல ஓடி மங்குக் கோப்பையில விழாது, பட்டை மேலயே பரவி வழிஞ்சிரும். பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்கற எடத்துக்குப் போய் நிப்போம், வேலையை மேற்பார்க்கற தண்டல் மரத்தைத் தொட்டுப் பாத்துட்டுத் திரும்பிப் போகச் சொல்லிடுவாரு. எங்க தோட்டத்துல அப்ப நாள் சம்பளம். வெட்டலைன்னா காசு இல்ல.

"அதைவிட மோசம், வெட்டி முடிச்ச பிறகு பத்து மணிக்கு வர்ற மழை. மங்குல பால் நிறைஞ்சிருக்கும், அதுல தண்ணி விழுந்து வழிஞ்சு எல்லாம் வீணாப் போகும். வேலையும் செஞ்சாச்சு, பாலும் இல்ல. அதுக்குத் தனியா ஒரு நிறம் வைங்க. நல்ல கறுப்பா வைங்க."

மோட்டார் முருகு | டிசம்பர் 30, காலை 8.40

பாட்டி, கால்ல விழறேன்.

ஓய்வாசிரியை | டிசம்பர் 30, காலை 9.30

பாட்டிலைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். இதுதான் நம் ஊர்ப் போர்வை.

கணக்கை மட்டும் நான் போடுகிறேன். போகும்போதும் வரும்போதும் முழுக்க நேர்க் கண்ணியாகப் பின்னினால் இரண்டு வரிசை சேர்ந்து ஒரு வரம்பு. ஒரு நாளுக்கு ஒரு வரம்பு என்று வைத்துக்கொள்வோம். நிறம் மாற்றும் கோடு ஒரு பக்கம் சுத்தமாகத் தெரிய இரண்டு வரிசைதான் சரி. 4 மில்லிமீட்டர் ஊசியில் பத்து சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 20 வரம்பு வரும். 365 வரம்புக்கு 182 சென்டிமீட்டர். அகலம் ஒரு மீட்டர் என்றால் 200 கண்ணி. ஒரு வரிசைக்கு அகலத்தைப்போல மூன்று மடங்கு நூல் பிடிக்கும். ஆக 730 வரிசைக்கு 2,200 மீட்டர். கையிருப்பாகக் கொஞ்சம் சேர்த்து 2,500 என்று வையுங்கள்.

தினமும் பின்ன முடியாதவர்கள் நாட்காட்டியில் மழை நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஞாயிறு வந்து ஏழு வரம்பையும் சேர்த்துப் பின்னலாம்.

லிந்தாங் லதா | டிசம்பர் 30, காலை 10.10

அப்ப நிறம் நாலு. மழை இல்லாத நாளுக்கு மண் நிறம். மத்தியானத்துக்குப் பிறகோ முன்னிரவுலயோ பெஞ்சா இலைப்பச்சை. நடுராத்திரியில இருந்து விடியற வரைக்கும் பெஞ்சா சாம்பல். காலையில வெட்டு முடிஞ்ச நேரத்து மழைக்குப் பாட்டி சொன்ன கறுப்பு. ஒரே நாள்ல ரெண்டு தடவை பெஞ்சா, கூலியைக் கெடுத்த மழைக்குத்தான் நிறம்.

ஆனா ஒரு சந்தேகம். இப்ப இந்தப் பக்கம் எத்தனை பேர் மரம் வெட்டறாங்க? சுத்தி எல்லாம் செம்பனைதான். செம்பனையில மழை பெஞ்சாலும் குலை அறுப்பாங்க. சேத்துல லாரி மாட்டினாத்தான் வேலை நிக்கும். இல்லாத தோட்டத்துக்கு நாம ஏன் போர்வை பின்னறோம்னு யாராவது கேட்டா?

செம்பருத்தி | டிசம்பர் 30, காலை 11.00

நான் கேக்கறேன். 🙂 எங்கப்பாவும் தோட்டத்துல இருந்தவருதான். அவரு அந்தக் காலத்தைப் பத்தி வாயே திறக்கமாட்டாரு. நாம அதை அழகா கலர் கலரா பின்னிச் சுவத்துல மாட்டறது எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. நான் இதுல சேரல. தப்பா எடுத்துக்காதீங்க.

பாட்டியின் பேத்தி | டிசம்பர் 30, பகல் 1.30

தப்பா எடுக்கல அக்கா. பாட்டிகிட்டயும் கேட்டேன். "சுவத்துல எதுக்கு மாட்டணும், எனக்குக் கால் குளிருது, போத்திக்கத்தான் கேக்கறேன்"னு சொல்லிட்டாங்க. வயசாச்சுல்ல, ராத்திரி காத்தாடி போட்டாலே குளிருதாம்.

லதா அக்காவோட மூணு கேள்விக்கும் இதுல பதில் வந்துருச்சு போல. ஆனா ஒரு வருஷம் காத்திருக்கணுமேன்னு கேக்கறாங்க. அதனால மொதல்ல சின்னதா ஒரு கால்போர்வை, பிறகு இது.

இன்னொரு விஷயம் முருகு அண்ணே. பாட்டி காலத்துல காலுறை ஊசி கடையில வாங்கலயாம். பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பியை நறுக்கி, சிமெண்டுத் தரையில தேய்ச்சு முனை எடுப்பாங்களாம்.

மோட்டார் முருகு | டிசம்பர் 30, பகல் 1.45

சைக்கிள் கம்பி 2 மில்லிமீட்டர்! காலுறைக்கு அது சரியான அளவு. எங்க வீட்டுப் பின்னாடி ஒரு சக்கரம் துருப்பிடிச்சுக் கெடக்கு. என் இலக்கு மாறிடுச்சு. ஊசியையும் நானே செய்யப் போறேன்.

ஓய்வாசிரியை | டிசம்பர் 30, பகல் 2.20

துருவை உப்புத்தாள் போட்டு முழுக்க எடுத்துவிட்டுச் செய், முருகு. இல்லையென்றால் வெள்ளை நூலில் பழுப்புக் கறை ஏறும், போகவே போகாது.

செம்பருத்தி, உங்கள் அப்பாவிடம் எதையும் துருவிக் கேட்காதீர்கள். சேராமல் இருப்பதும் சரிதான். நீங்கள் என்ன பின்னப் போகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே?

செம்பருத்தி | டிசம்பர் 30, பகல் 3.05

குழந்தைக்குத் தொப்பிதான் நினைச்சிருந்தேன். மலர் அக்கா கெடுத்துட்டாங்க. இப்ப பருத்தியில கையில்லாத சட்டை. ஆறு மாசம் ஆகறப்ப போடற அளவுல பின்னறேன். அதுக்குள்ள முடிச்சிருவேன்.

நூல்கடை வாரிசு | டிசம்பர் 30, மாலை 4.30

மழைப் போர்வைக்கு மில்க் காட்டன் பாருங்க. பேர்லதான் பால், பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்து வரும், லேபிளைப் படிச்சு வாங்குங்க. இஸ்திரிப் பெட்டியை மட்டும் மேல அழுத்திடாதீங்க, அக்ரிலிக் இருந்தா உருகித் தொய்ஞ்சிரும்.

மண் நிறம் நிறைய இருக்கு. பச்சை இருக்கு. சாம்பல் கொஞ்சம்தான், ஆன்ட்டி ஸ்வெட்டருக்கு வேற நூல்ன்றதால போட்டி இல்ல. கறுப்பு எவ்வளவு எடுத்து வெக்கட்டும்? வருஷத்துல காலை பத்து மணி மழை எத்தனை நாள் வரும்னு யாருக்குத் தெரியும்?

பாட்டியின் பேத்தி | டிசம்பர் 30, மாலை 5.10

பாட்டி சொல்றாங்க: "ரெண்டு உருண்டை போதும். அது அடிக்கடி வராது. வந்தாத்தான் மறக்காது."

மோட்டார் முருகு | டிசம்பர் 30, மாலை 6.00

நடுராத்திரி மழைக்கு யாரும் அலாரம் வெச்சு முழிக்க வேணாம். நான்தான் விடிய விடிய கேட்ல உட்கார்ந்திருக்கேனே. மணி பாத்து எழுதிப் புலனத்துல (வாட்ஸ்அப்) போட்டுடறேன்.

பாட்டியின் பேத்தி | டிசம்பர் 30, மாலை 6.25

அண்ணே, நீங்க வேலை பாக்கறது ஈப்போவுலல்ல? பாட்டி கேட்டுட்டுச் சொன்னாங்க, "ஈப்போ மழை வேற, சிப்புட் மழை வேற. அங்க கொட்டறப்ப இங்க நிலா காயும். நானே பாத்துக்கறேன், எனக்கு மூணு மணிக்குத் தூக்கம் கலைஞ்சிரும்."

லிந்தாங் லதா | டிசம்பர் 30, இரவு 8.00

அப்ப மழை நேரம் பாட்டி பொறுப்பு, பேத்தி காலையில புலனத்துல போடணும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாங்க. 4 மில்லிமீட்டர் ஊசி, 200 கண்ணிக்குத் தாங்கற மாதிரி 80 சென்டிமீட்டர் கேபிளோட. கண்ணி ஏத்தறப்ப 20 கண்ணிக்கு ஒரு அடையாளம் போட ஸ்ட்ரோவை வளையமா நறுக்கிட்டு வந்துடுங்க. அளவுத்துண்டு இல்லாம வர்றவங்களை டீச்சர் வாசல்லயே நிறுத்திடுவாங்க, நான் தலையிட மாட்டேன்.